பழைய கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள்: அவுட்லுக்கிலிருந்து ஜிமெயிலுக்கு மாறும்போது வரும் கோளாறுகள்

திருநெல்வேலிப் பக்கம் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், அச்சகங்கள் என்று கணினி பழுது பார்க்கப் போகிறவன் நான். இப்போதெல்லாம் எனக்கு அதிகம் வரும் போன் இதுதான்: “அவுட்லுக்க விட்டுட்டு ஜிமெயிலுக்கு மாறிட்டோம் தம்பி, அது காணோம், இது காணோம்.” மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸோடு வந்த ‘மெயில்’ செயலி 2024 டிசம்பர் 31-ஓடு நின்றது. விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூன்றுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. கணினியை மாற்றுகிறபோதே மெயிலையும் மாற்றிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவுதான், செய்கிற வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள்.

உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலில் சொல்லி, ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் அதற்கு முன் ஒரு வேலை உண்டு. பழைய கணினியில் மெயில் இருக்கும் ஃபைலை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்று போனால் எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பட்டியல் வரும். ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ அழுத்தி இடத்தைப் பார்த்துக்கொண்டு, அவுட்லுக்கை மூடிவிட்டு, பி.எஸ்.டி. (.pst) என்று முடியும் எல்லா ஃபைல்களையும் காப்பி செய்யுங்கள். அவுட்லுக்குக்குப் பதில் தண்டர்பேர்டு என்ற மெயில் செயலி வைத்திருந்தால் ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அதில் ப்ரொஃபைல் ஃபோல்டர். அந்த ஃபோல்டரை முழுசாக எடுங்கள். இதைச் செய்யாமல் கீழே உள்ள எதிலும் கை வைக்காதீர்கள்.

## அறிகுறி 1: பழைய மெயில்கள் ஜிமெயிலில் இல்லை

### எதுவுமே வரவில்லை; புதிதாக வருபவை மட்டும் தெரிகின்றன

நீங்கள் இன்னும் எதையும் ஏற்றவில்லை என்று அர்த்தம். புது முகவரிக்கு ஃபார்வர்டு போட்டால் அன்றிலிருந்து வருபவைதான் வரும். பழையவை அந்தக் கணினியில் பத்திரமாக இருக்கின்றன. பதற வேண்டாம்.

ஏற்றும் வழி: பழைய கணினியில் உள்ள அவுட்லுக்கிலேயே உங்கள் ஜிமெயில் கணக்கை ‘ஐமேப்’ முறையில் (மெயில் சர்வரிலேயே இருக்க, செயலி அதைக் காட்டும் முறை) இரண்டாவது கணக்காகச் சேர்க்கவும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் ஐமேப் இப்போது எப்போதும் ஆனில்தான் இருக்கிறது, தேடிப் போய் ஆன் செய்ய வேண்டியதில்லை. சேர்த்ததும் இடதுபக்கம் இரண்டு கணக்கும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். பழைய ஃபோல்டரிலிருந்து மெயில்களைத் தேர்ந்தெடுத்து, மவுஸின் வலது பட்டனால் இழுத்து ஜிமெயில் பக்கம் உள்ள ஒரு ஃபோல்டரில் விடுங்கள். விட்டதும் ‘காப்பி’யா ‘மூவ்’வா என்று கேட்கும். காப்பி. இடது பட்டனால் இழுத்தால் கேட்காமலே மூவ் ஆகிவிடும். பாதியில் நெட் போனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்போம். தண்டர்பேர்டில் வலது கிளிக், ‘காப்பி டு’.

‘நியூ அவுட்லுக்’ என்ற புதிய செயலியில் இதை முயலாதீர்கள். பி.எஸ்.டி. ஃபைலைக் கையாள்வதில் அதற்கு இன்னும் குறைகள் உண்டு. மேலே மூலையில் உள்ள ஸ்விட்சைத் தட்டிப் பழைய அவுட்லுக்குக்குத் திரும்பிவிட்டுச் செய்யுங்கள்.

### ஒரு வருடத்துக்கு முந்தையவை மட்டும் இல்லை

பெரும்பாலும் ‘ஆர்க்கைவ்’ வேலை. அவுட்லுக் பழைய மெயில்களைத் தானாகவே இன்னொரு பி.எஸ்.டி. ஃபைலுக்குத் தள்ளி வைக்கும் வசதி உண்டு. அந்த ஃபைல் அவுட்லுக்கில் திறந்திருக்காவிட்டால் இருப்பதே தெரியாது. சி டிரைவ், டி டிரைவ் முழுதும் பி.எஸ்.டி. என்று தேடுங்கள். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இப்படித் தேடி நான்கு ஃபைல்கள் எடுத்தோம். ஒன்று டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயருக்குள் கிடந்தது. கிடைத்ததை அவுட்லுக்கில் ஃபைல், ஓப்பன், ‘அவுட்லுக் டேட்டா ஃபைல்’ வழியாகத் திறந்து முன்னே சொன்னபடி காப்பி செய்யவும்.

தேடியும் இல்லையென்றால், அதற்கு முன் வைத்திருந்த கணினி எங்கே என்று யோசியுங்கள். பரணில் இருக்கும். வெளியே கொடுத்திருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

### இன்பாக்ஸ் இருக்கிறது, நாம் அனுப்பியவை இல்லை

இதுதான் மனதை வலிக்க வைப்பது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகம். அண்ணாச்சி பல வருடங்களாக ஒரே கணினியில் அவுட்லுக் வைத்து ‘பாப்’ முறையில், அதாவது சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், மெயில் எடுத்தவர். புதுக் கணினி வாங்கினார். விற்ற கடையிலிருந்து வந்த பையன் ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்தான், வந்திருந்த மெயில்கள் சர்வரில் இருந்ததால் அவையும் வந்துவிட்டன. “எல்லாம் வந்துட்டு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, பழைய கணினியை ஃபார்மட் செய்து பில்லிங் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு மாதம் கழித்து பள்ளி ஒன்றுக்குப் போன வருடம் கொடுத்த கொட்டேஷன் தேவைப்பட்டது. அண்ணாச்சி ‘சென்ட்’டைத் திறந்தார். கடந்த ஒரு மாத மெயில்கள் மட்டும் இருந்தன. “தம்பி, நான் அனுப்புன கொட்டேஷன் எல்லாம் எங்கய்யா போச்சு?” என்று என்னிடம் கேட்டபோது அவர் கையில் அந்தப் பள்ளியின் கடிதம் இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

பாப் முறையில், சர்வரில் காப்பி விட்டுவைக்கும்படி போட்டிருந்தாலும், வருகிற மெயில் மட்டும்தான் அங்கே இருக்கும். அனுப்பிய மெயில் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருக்கும். ‘டிராஃப்ட்’டும் அப்படியே. நீங்களாக உருவாக்கிய ஃபோல்டர்களும் அப்படியே. தண்டர்பேர்டில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று தலைப்பு இருந்தால் அதன் கீழ் இருக்கும் அத்தனையும் கணினியில் மட்டுமே உள்ளவை.

செய்ய வேண்டியது: பழைய கணினியில் ‘சென்ட் ஐட்டம்ஸ்’ஸைத் திறந்து, மொத்தம் எத்தனை என்று கீழே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் ‘பழைய சென்ட்’ என்று ஒரு லேபிள் (ஜிமெயிலில் ஃபோல்டருக்கு அதுதான் பெயர்) உருவாக்கி அதற்குள் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் எண்ணை ஒப்பிடுங்கள். ‘அவுட்பாக்ஸ்’ஸையும் ஒருமுறை திறந்து பாருங்கள்; அனுப்பிவிட்டோம் என்று நினைத்தது அங்கேயே மாட்டிக்கொண்டு கிடக்கும்.

கணினி ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டதா? உடனே அணைத்துவிடுங்கள். புதிதாக எழுத எழுத பழையது அழியும். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் டேட்டா ரிகவரி செய்பவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். எஸ்.எஸ்.டி. என்றால் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. அதைச் சொல்லிவிட்டுக் காசு கேட்பவரிடம் மட்டும் கொடுங்கள். அண்ணாச்சிக்குக் கிடைக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, அவர்களுக்கு வந்திருந்த கொட்டேஷன்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஓரளவு சேர்த்தோம். இதுவும் ஒரு வழிதான்: நீங்கள் அனுப்பியது வாங்கியவரின் இன்பாக்ஸில் இருக்கும்.

### பி.எஸ்.டி. ஃபைல் இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது

முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். அவுட்லுக் 2002 வரையிலான பழைய வகை ஃபைல் 2 ஜி.பி.யைத் தொட்டதும் மக்கர் பண்ணும். 2010-க்குப் பிந்தைய அவுட்லுக்கில் வழக்கமான உச்ச அளவு 50 ஜி.பி. அளவில் சிக்கல் இல்லையென்றால், ஃபைலின் ‘ரீட் ஒன்லி’ டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டி.வி.டி.யிலிருந்து காப்பி செய்த ஃபைல்களில் இது இருக்கும்.

அடுத்தது ‘ஸ்கேன்பிஎஸ்டி’. அவுட்லுக்கோடு வரும் பழுது நீக்கும் கருவி, ஆபீஸ் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். காப்பியின் மேல்தான் ஓட்ட வேண்டும், அசலின் மேல் கூடாது. ஒருமுறை ஓட்டினால் போதாது. பிழை இல்லை என்று சொல்லும்வரை மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் திறக்கவில்லை, அல்லது ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது என்றால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சத்தம் வரும் டிஸ்க்கில் நாமே முயன்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

## அறிகுறி 2: ஏற்ற ஆரம்பித்தது பாதியில் நிற்கிறது

நெட் போயிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். நெட் சரியாக இருந்தும் நின்றால் அளவு காரணம். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்.பி. வரை ஏற்றலாம் என்பது கூகுள் வைத்திருக்கும் வரம்பு. தாண்டினால் கணக்கைச் சிறிது நேரம் முடக்கிவைக்கும், ஒரு நாள் கழித்துத் தானாகவே திறக்கும். பயந்து பாஸ்வேர்டை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 6 ஜி.பி. இருந்தால் கிட்டத்தட்ட இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு வருட மெயில் என்று பிரித்து ஏற்றுங்கள். ஏற்றிய வருடத்தை ஒரு தாளில் டிக் செய்து மானிட்டரில் ஒட்டிவைப்பது என் வழக்கம். எந்த மென்பொருளை விடவும் அந்தத் தாள் எனக்கு உதவியிருக்கிறது.

எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் கெட்டுப்போன மெயிலோ மிகப் பெரிய அட்டாச்மென்ட்டோ இருக்கும். மெயில்களை அளவுப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள பெரியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றுங்கள். பெரியவற்றில் உள்ள ஃபைல்களைத் தனியே சேமித்துக்கொண்டால் போதும்.

கணக்கில் இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. மெயிலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1-க்குப் பிறகு போனிலிருந்து ஏறிய படங்களும் இந்தக் கணக்கில்தான் சேரும். பேத்தியின் பிறந்தநாள் வீடியோக்கள் இடத்தை அடைத்துவிட்டு அலுவலக மெயில் ஏறாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இருபது ஜி.பி. மெயில் வைத்திருப்பவர்கள் மாதக் கட்டணத்தில் இடம் வாங்குவதை யோசிக்கலாம், அல்லது பழையதை ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டுவிட்டு கடைசி ஐந்து வருடத்தை மட்டும் ஏற்றலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

## அறிகுறி 3: பாஸ்வேர்டு சரிதான், ஏற்க மாட்டேன் என்கிறது

பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது, அவுட்லுக்கிலோ டேலியிலோ ஸ்கேனரிலோ வேலை செய்யவில்லை என்றால் அது கோளாறு இல்லை. வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளிச் செயலிகள் நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே மாதத்திலேயே நிறுத்திவிட்டது.

புதிய செயலி என்றால் கூகுளின் உள்நுழைவுப் பக்கமே ஒரு ஜன்னலில் திறக்கும். அதில் நுழைந்தால் முடிந்தது. தண்டர்பேர்டில் அந்த ஜன்னல் வெள்ளையாக நின்றால் தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் குக்கீஸ் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

பழைய செயலி, டேலி, ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரம் இவற்றுக்கெல்லாம் ‘ஆப் பாஸ்வேர்டு’ வேண்டும். முதலில் கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். பிறகு கூகுள் அக்கவுன்ட் பக்கத்தின் தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்ட்ஸ் என்று தேடினால் 16 எழுத்துகளில் ஒன்று தரும். வழக்கமான பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் அதை இடைவெளி இல்லாமல் போடுங்கள். ஒருமுறைதான் காட்டும். தொலைந்தால் கவலையில்லை, அதை நீக்கிவிட்டுப் புதிது எடுக்கலாம்.

### நேற்றுவரை ஓடியது, இன்று எல்லா இடத்திலும் கேட்கிறது

யாரோ கூகுள் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். மாற்றினால் எல்லா ஆப் பாஸ்வேர்டும் ரத்தாகும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் புதிதாக எடுத்துப் போட வேண்டியதுதான்.

போர்ட் எண் கேட்டால்: வாங்குவதற்கு ஐமேப் 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. பத்து வருடப் பழைய ஸ்கேனர் இவையெல்லாம் சரியாகப் போட்டும் இணையவில்லை என்றால் அதன் பாதுகாப்பு முறையே பழசு. இயந்திர நிறுவனத்தின் சர்வீஸ் ஆளை அழையுங்கள். அவர் வரும்வரை பென் டிரைவில் ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

## அறிகுறி 4: புது மெயில் சில வருகிறது, சில வருவதில்லை

### ஒரு ஒழுங்கே இல்லாமல் காணாமல் போகிறது

வீட்டிலோ கடையிலோ இன்னொரு கணினியில் பழைய அவுட்லுக் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? நான் போகும் இடங்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான். அது பாப் முறையில் மெயிலை எடுத்துக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடும். அது விழித்திருக்கும் நேரத்தில் வந்தது அங்கே, தூங்கும் நேரத்தில் வந்தது இங்கே. பகலில் வரும் மெயில்தான் காணவில்லை, இரவில் வருவது வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கணினியில் அக்கவுன்ட் செட்டிங்ஸில் ‘சர்வரில் ஒரு காப்பி விட்டுவை’ என்ற டிக்கைப் போடுங்கள். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு அந்தக் கணக்கைத் தானாக எடுக்காதபடி நிறுத்திவிடலாம்.

### குறிப்பிட்ட ஆட்களிடமிருந்து மட்டும் வருவதில்லை

ஸ்பாம் பாருங்கள், அங்கே 30 நாள்தான் இருக்கும், பிறகு அழிந்துவிடும். ‘ப்ரோமோஷன்ஸ்’, ‘அப்டேட்ஸ்’ என்ற தாவல்களைப் பாருங்கள். வங்கி ஸ்டேட்மென்ட், ஆன்லைன் ஆர்டர் எல்லாம் அப்டேட்ஸில் ஒதுங்கும். வயதானவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது நான் செட்டிங்ஸில் ‘இன்பாக்ஸ்’ பகுதிக்குப் போய் இந்தத் தாவல்கள் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிடுவேன். எல்லாம் ஒரே பட்டியலில் வந்தால்தான் அவர்களுக்குப் பழக்கம்.

“பதில் அனுப்பினேன் என்கிறார், வரவே இல்லை” என்றால், ஒரே தலைப்பிலுள்ள மெயில்களை ஜிமெயில் ஒரே வரியாகச் சுருட்டி வைத்திருக்கும். அந்த வரியைத் திறந்தால் பதில் உள்ளே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ‘கான்வர்சேஷன் வியூ’வை ஆஃப் செய்துவிடலாம்.

### ஓ.டி.பி. வருவதில்லை

பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வங்கி, வருமான வரி, ஜி.எஸ்.டி., இன்ஷூரன்ஸ், டொமைன் (கடைப் பெயரில் வாங்கிய இணைய முகவரி) பதிவு, மகன் படிக்கும் கல்லூரி என்று எங்கெல்லாம் பழைய முகவரியைக் கொடுத்தீர்களோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும். பழைய முகவரி உயிரோடு இருக்கும்போதே மாற்றுங்கள். முகவரி மாற்றத்துக்கான உறுதியையே பல தளங்கள் பழைய முகவரிக்குத்தான் அனுப்பும். இன்டர்நெட் இணைப்போடு இலவசமாக வந்த முகவரி என்றால் இணைப்பைத் துண்டித்த அன்றே போய்விடலாம்.

பழைய கணக்கிலிருந்து ஜிமெயிலே பாப் மூலம் இழுத்துக்கொள்ளும் வசதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2026 ஜனவரி முதல் அதை நிறுத்துவதாக கூகுள் அறிவித்துவிட்டது. பழைய கணக்கின் வெப்மெயிலுக்குள் போய் ‘ஃபார்வர்டிங்’ போடுவதே சரி.

### யாரிடமிருந்தும் வருவதில்லை

15 ஜி.பி. நிரம்பியிருக்கும். நிரம்பினால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், உங்களுக்குத் தெரியாது. தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, அளவு 10 எம்.பி.க்கு மேல் என்று தேடிப் பெரியவற்றை அழியுங்கள். பிறகு குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், அதுவரை இடம் விடுபடாது.

## அறிகுறி 5: தமிழ் மெயில்கள் குப்பை எழுத்தாகத் தெரிகின்றன

2000-களின் தொடக்கத்தில் தமிழில் மெயில் எழுதியவர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை இது. எனக்கு இதில் தனி அக்கறை உண்டு, ஏனென்றால் மற்ற எதையும் விட இப்படிப்பட்ட மெயில்கள்தாம் ‘கெட்டுப்போச்சு’ என்று அழிக்கப்படுகின்றன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போன தங்கை 2003-இல் எழுதிய மெயில்கள் அவருடைய பழைய கணினியில் இருந்தன. ஏற்றியதும் ஜிமெயிலில் திறந்தோம். வரிக்கு வரி ஆங்கிலச் சின்ன எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். “அழிஞ்சிட்டுதா தம்பி?” என்றார். “இல்ல டீச்சர், ஒண்ணும் ஆகல” என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்த அரைப்புள்ளிகள்தாம். பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிச் சாவியில் இருக்கும். ‘அம்மா’ என்பதில் ஓர் அரைப்புள்ளி, ‘வணக்கம்’ என்பதில் இரண்டு. தமிழில் புள்ளி வரும் இடங்களிலெல்லாம் அரைப்புள்ளி தெரிந்தால் அது பாமினியேதான். பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் தமிழாகத் தெரிந்தது. ஜிமெயிலைத் திறந்த புதுக் கணினியிலும் போனிலும் அது இல்லை.

சரிசெய்வது எளிது. குப்பையாகத் தெரியும் பகுதியை அப்படியே காப்பி செய்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினியிலும் போனிலும் தெரியும் எழுத்துமுறை) மாற்றும் ஏதாவது ஒரு மாற்றியில் ஒட்டுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் பாமினி, டாப், டாம், திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துமுறைகள் எல்லாவற்றையும் மாற்றித் தரும். எது என்று தெரியாவிட்டால் முதல் வரியை மட்டும் ஒட்டி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தமிழ் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக மேலே கொம்பும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நிறைந்திருந்தால் திஸ்கி, டாப் இரண்டையும் முதலில் முயலுங்கள். மாற்றியதை ஒரு டாகுமென்ட்டில் தேதியோடு சேமியுங்கள். மூல மெயிலை அழிக்காதீர்கள்.

தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக இருந்தால் நிலைமை வேறு. அந்தப் பிரதியில் எழுத்து போய்விட்டது, எந்த மாற்றியும் மீட்காது. மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். மேலே சொன்ன காப்பி இருந்தால் எடுக்கலாம்.

டீச்சருக்கு முதல் கடிதம் மாறி வந்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தார். ஊரில் மாமரம் காய்த்திருக்கிறதா என்று தங்கை கேட்டிருந்தார். மீதியை மாற்ற அவருக்கே கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். நாள் ஒன்றுக்கு இரண்டு என்று மாற்றி வருகிறார்.

## அறிகுறி 6: முகவரிப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறி ஆகிவிட்டன

அவுட்லுக்கின் ‘எக்ஸ்போர்ட்’ வழியாக எடுக்கும் சி.எஸ்.வி. ஃபைலில் (பட்டியலை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வகை) தமிழ் தங்காது. அதை விட்டுவிடுங்கள். அவுட்லுக்கில் காண்டாக்ட்ஸைப் பட்டியல் வடிவத்துக்கு மாற்றி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து எக்ஸெல்லில் ஒட்டுங்கள். ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8’ என்ற வகையில் சேமித்து கூகுள் காண்டாக்ட்ஸில் இம்போர்ட் செய்யுங்கள். ஒரு முறைக்கு 3,000 பேர் வரை ஏற்றலாம். பெயர், மெயில், போன் பத்திகள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று முதலில் ஐந்து பேரை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

## அறிகுறி 7: நாம் அனுப்புவது எதிராளிக்கு ஸ்பாமில் விழுகிறது

சாதாரண ஜிமெயில் முகவரி என்றால், ஒரே நேரத்தில் நிறையப் பேருக்கு அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 500 பேர் என்பது வரம்பு. வாங்குபவரிடம் ஒருமுறை ‘நாட் ஸ்பாம்’ அழுத்தச் சொல்லுங்கள்.

சொந்த டொமைனில் கடைப் பெயரில் முகவரி வைத்திருந்தால் இதை நீங்களே தோண்டாதீர்கள். மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும், எந்த சர்வர் அனுப்பலாம், அனுப்பியது அசல்தானா என்று சொல்லும் எம்.எக்ஸ்., எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற மூன்று பதிவுகள் டொமைன் பக்கத்தில் சரியாக இருக்க வேண்டும். புது சேவைக்கு மாறிய பிறகும் பழைய சர்வரின் பதிவே அங்கே இருந்தால் மெயில் ஸ்பாமில் விழும், சில இடங்களில் திரும்பியே வரும். இரண்டு எஸ்.பி.எஃப். பதிவு இருந்தாலும் தவறு. ஒரு எழுத்துப் பிழையில் அலுவலகம் முழுவதற்கும் மெயில் நின்றுவிடும் என்பதால், டொமைன் வாங்கிக் கொடுத்தவரையோ தெரிந்த ஆளையோ கூப்பிடுங்கள். அவர் வரும்முன் நீங்கள் தேடி வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: டொமைன் எந்த நிறுவனத்தில், யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது. இது தெரியாமல் நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

## சின்னச் சின்னவை

இணையப் பக்கத்தில் ஒரு மெயில் முகவரியைச் சொடுக்கினால் இன்னும் அவுட்லுக் திறக்கிறதா? விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ போய் ‘மெயில்டூ’ என்பதற்கு உங்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுங்கள்.

‘வின்மெயில் டாட்’ என்று திறக்க முடியாத அட்டாச்மென்ட் வந்தால் கோளாறு உங்களிடம் இல்லை. அனுப்பியவரின் அவுட்லுக் ‘ரிச் டெக்ஸ்ட்’ வடிவத்தில் அனுப்புகிறது. எச்.டி.எம்.எல். வடிவத்துக்கு மாற்றி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

20 எம்.பி. ஃபைல்கூட 25 எம்.பி. வரம்பைத் தாண்டிவிட்டது என்கிறதா? மெயிலில் போகும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். டிரைவ் லிங்க்காக அனுப்புங்கள்.

அவுட்லுக்கில் போட்டிருந்த ‘ரூல்ஸ்’ கூட வராது. ஜிமெயிலில் ஃபில்டர்களாக ஒவ்வொன்றாகப் போட வேண்டும். பழையவற்றில் பாதி தேவைப்படாது என்பது என் அனுபவம்.

## அறிகுறி 8: ஜிமெயிலுக்குள்ளேயே போக முடியவில்லை

கணக்கைத் திறந்தவர் யார்? கடைப் பையனின் போன் நம்பரில் திறந்திருந்தால் சரிபார்ப்புக் குறி அவனுக்குத்தான் போகும். அவனைப் பிடியுங்கள். அதற்கு மேல் வழி, இதற்கு முன் வழக்கமாக நுழைந்த அதே கணினியில், அதே நெட் இணைப்பில் இருந்து ‘அக்கவுன்ட் ரிகவரி’ முயல்வது. “நான் எடுத்துத் தருகிறேன், 5,000 கொடுங்கள்” என்று சொல்லும் ஆட்களிடம் போகாதீர்கள். கூகுள் கணக்கை வெளியாள் யாரும் திறக்க முடியாது, கேட்பவர் ஏமாற்றுகிறார்.

உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டியது: உங்கள் சொந்த போன் நம்பரை மீட்பு எண்ணாகப் போடுங்கள், வீட்டில் ஒருவருடைய மெயிலை மீட்பு முகவரியாகப் போடுங்கள், 8 இலக்கங்கள் கொண்ட 10 பேக்கப் குறிகளை அச்செடுத்து பாஸ்புக்கோடு வையுங்கள்.

## பழைய கணினியை எப்போது ஃபார்மட் செய்யலாம்

மூன்று மாதம் கழித்து. அதற்குள் ஒரு ஜி.எஸ்.டி. காலாண்டு போயிருக்கும், தேவைப்படும் பழைய கடிதங்களில் பெரும்பாலானவற்றை ஒருமுறையாவது தேடியிருப்பீர்கள். இன்பாக்ஸ், சென்ட், நீங்கள் உருவாக்கிய ஃபோல்டர்கள் ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடத்திலிருந்தும் அட்டாச்மென்ட் உள்ள ஒரு மெயிலைத் திறந்து, அட்டாச்மென்ட்டும் திறக்கிறதா பாருங்கள். முதல் நாள் எடுத்த ஹார்ட் டிஸ்க் காப்பியை வேறொரு கணினியில் செருகி பி.எஸ்.டி. திறக்கிறதா பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஃபார்மட் செய்யச் சொல்லலாம். ஹார்ட் டிஸ்க்கின் மேல் தேதியும் ‘பழைய மெயில்’ என்றும் எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள்.